‘ஊழியர்’ என்பது யாரைக் குறிக்கும்

எங்கள் அலுவலகத்தைத் தினமும் காலையில் திறந்து வைத்தவர் அரசு ஊழியர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் தன்னை அரசு ஊழியராகவே நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பை உடைத்தவள் நான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எந்தத் துறை, எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. ஒரகடத்துப் பக்கம், கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகும் சாலையில், இரண்டு தொழிற்சாலைகளின் மதில்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும் பழைய கட்டடம். நான் அங்கே கண்காணிப்பாளர். குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேருவேன். அதற்குள் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, பூட்டைத் திறந்து, பெருக்கித் துடைத்து, குடங்களில் தண்ணீர் பிடித்து, அதிகாரியின் மேசை மேலிருந்த தூசியையும் தட்டி முடித்திருப்பார் அவர்.

தினக்கூலியாக வந்தவர். பிறகு துப்புரவு வேலையை ஒரு ஏஜென்சிக்கு விட்டபோது, அவரும் மேசை நாற்காலிகளைப் போல அந்த ஏஜென்சியின் கணக்கில் சேர்க்கப்பட்டார். சம்பளம் வரும் இடம் மாறியதே தவிர வேலை மாறவில்லை. எங்களில் பெரும்பாலோர் மூன்று வருடம், நான்கு வருடம் என்று மாற்றலாகி வந்து போவார்கள். அவர் மட்டும் அங்கேயே இருந்தார். எந்தப் பழைய கட்டு எந்த பீரோவில் இருக்கிறது என்று புதிதாக வரும் எழுத்தர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். படித்துக் கண்டுபிடிக்க மாட்டார், கட்டின் துணி நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார்.

அவருக்கு இரண்டு பெண்கள். கணவர் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்து முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். பெரியவளின் பள்ளிப் படிவங்களில் அதிகாரியின் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லி வருடா வருடம் என்னிடம் கொண்டுவருவார். அந்தப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில், பெண்ணின் கையெழுத்தில், ‘அரசுப் பணி’ என்று எழுதியிருக்கும். நான் ஒரு தடவைகூட அதைத் திருத்தச் சொல்லவில்லை. அதிகாரியும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை.

பெரியவள் பிளஸ் டூவுக்குப் போன வருடம், ஜூன் மாதம், மதிய வேளையில் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

“மேடம், நம்ம ஆபீஸ்ல புள்ளைங்க காலேஜு படிக்கறதுக்கு எதுனா குடுப்பாங்களா?”

“எதுக்கு கேக்கற?”

“பெரியவ நர்சு படிக்கணும்னு சொல்லிகினு கீறா. மார்க்கு வாங்கிடுவா மேடம், அதுல பயம் இல்ல. சீட்டு கெடச்சாலும் ஆஸ்டலு, துணி, ஷூன்னு மொதல் நாளே கேப்பாங்களாம். கவர்மெண்ட்ல குடுக்கறது கைக்கு வர வருசம் ஆவுதுன்றாங்க. எதிர் கம்பெனில எல்லாம் அவங்க ஆளுங்க புள்ளைங்களுக்குக் குடுக்கறாங்களே. நாம கவர்மெண்ட்டு. நமக்கு இல்லாமயா பூடும்?”

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “பாக்கறேன்” என்றேன். அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் அதே யோசனை. எங்கள் அலுவலகத்தில் டிரைவர் இருந்தார், காவலாளி இருந்தார், அலுவலக உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லோருடைய பிள்ளைகளும் ஒவ்வொரு ஜூனிலும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள். நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் சம்பளத்தில் பிடித்து ஒரு கல்வி நிதி தொடங்கினால் என்ன?

மறுநாள் ஊழியர் சங்கத் தலைவரிடம் பேசினேன். அவரும் எங்கள் அலுவலகம்தான், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. லாரி கிளீனரின் மகன், இரவல் புத்தகத்தில் படித்து மேலே வந்தவர். நான் சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டார். “இது நமக்கு முன்னாடியே தோணிருக்கணும் மேடம்” என்றார். அவரைப் பற்றி என்னால் கெட்ட விதமாக எழுத முடியாது. அன்று அவர் இல்லாவிட்டால் அந்த நிதியே இல்லை.

அடுத்த ஆறு மாதம் என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக உழைத்த காலம். மேசை மேசையாகப் போய்ப் பேசினோம். சம்பளத்தில் பிடித்தம் செய்ய ஒப்புதல் கடிதம் வாங்கினோம். பக்கத்து அலுவலகங்களுக்குப் போனோம், பள்ளிகளுக்குப் போனோம், சுகாதார நிலையத்துக்குப் போனோம். சந்தேகப்பட்டவர்கள்கூட பிள்ளைகளின் படிப்பு என்றதும் பேனாவை எடுத்தார்கள். நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் கிளம்பும்போதெல்லாம் அந்த அம்மா ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தருவார். “இன்னா மேடம், எத்தினி பேரு சேந்தாங்க?” என்று திரும்பி வந்ததும் கேட்பார். சேர்ந்தவர்கள் எண்ணிக்கையைச் சொன்னால் முகம் மலர்ந்துபோகும்.

நிதியை ஒரு சங்கமாகப் பதிவு செய்யத் துணை விதிகள் வேண்டும். அரசாங்கத் தமிழில் வரைவு எழுதுவதில் எனக்கு அலுவலகத்தில் நல்ல பெயர். விதிகளை எழுதும் பொறுப்பை என்னிடமே விட்டார்கள். மூன்றாவது விதி, யாருடைய பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம் என்பது. ‘அலுவலகத்தில் பணிபுரியும் அனைவரின் பிள்ளைகளும்’ என்று எழுதியிருந்தேன். தலைவர் அந்த இடத்தில் விரலை வைத்தார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

“அனைவரும்னா? ஏஜென்சி ஆளுங்களுமா?”

“ஆமா சார். அந்த அம்மா கேட்டதாலதான் இது ஆரம்பிச்சதே.”

“எனக்கும் தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. நாம பதிவு பண்ணப்போற சங்கம். நம்ம காகிதத்துல அவங்கள ஊழியர்னு எழுதிட்டா, நாளைக்கு நெரந்தரம் பண்ணுங்கன்னு கோர்ட்டுக்குப் போறவன் இதத்தான் மொத ஆதாரமா காட்டுவான். மேல இருக்கறவங்க என்னையும் உங்களையும்தான் கூப்ட்டு கேப்பாங்க. பிடித்தத்துக்குக் குடுத்த அனுமதியையே நிறுத்திட்டா?”

நான் அந்த வரியை மறுபடி படித்தேன்.

“மொதல்ல பதிவு ஆவட்டும் மேடம். ஒரு வருஷம் ஓடட்டும். அப்பறம் திருத்திக்கலாம். அந்தப் பொண்ண அப்டியா விட்டுடுவோம்?”

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. எனக்கும் ஓய்வூதியம் இருந்தது, மகனுடைய கல்யாணம் இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, அவர் எதிரிலேயே எழுதினேன்: ‘ஊழியர் என்பது காலமுறை ஊதியத்தில் முறையாக நியமனம் செய்யப்பட்டு அரசுப் பணியில் உள்ளவரைக் குறிக்கும்.’ எந்த ஓட்டையும் இல்லாத வாக்கியம். தலைவர் படித்துவிட்டு, “உங்கள மாதிரி எழுத ஆள் இல்ல” என்றார்.

இதை அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போனது. தேர்வு நேரத்தில் பெண்ணின் மனசு கெடக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

தேர்வு முடிவு வந்தது. பெண் சொன்னதற்கு மேலேயே மார்க் வாங்கியிருந்தாள். அந்த வாரமே அவள் படித்த பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டு, கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிளஸ் டூ முடித்த பெண்கள் போதும், உடனே வேலை, பஸ் உண்டு, சாப்பாடு உண்டு. இந்தப் பெண் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். கலந்தாய்வில் வேறு மாவட்டத்தில் ஒரு நர்ஸிங் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது.

எங்கள் நிதிக்கு விண்ணப்பம் கொடுத்தவர்களில் அவர்தான் முதல். அச்சாகி வந்த படிவங்களின் கட்டைப் பிரித்து அடுக்கியதும் அவர்தான். மறுநாள் காலையில் பூர்த்தி செய்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். உருண்டையான, அழகான கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ‘ஊழியர் எண்’ என்ற கட்டத்தில், ஏஜென்சி அவருக்குக் கொடுத்திருந்த அடையாள அட்டையின் எண்ணை எழுதியிருந்தாள் அந்தப் பெண். நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரியா எழுதிக்கீறாளா மேடம்?”

“எழுதியிருக்கா” என்றேன்.

பரிசீலனைக் குழுவில் ஐந்து பேர். நான் செயலாளர். அவருடைய விண்ணப்பம் வந்தபோது ஒரு உறுப்பினர் மூன்றாவது விதியை உரக்கப் படித்தார். தலைவர் என்னைப் பார்த்தார். திருத்திக்கொள்ளலாம் என்று பேசியதை நான் ஞாபகப்படுத்துவேன் என்று எதிர்பார்த்தாரோ, மாட்டேன் என்று எதிர்பார்த்தாரோ, தெரியவில்லை. முதல் வருடமே விதியை மீறினால் தணிக்கையில் கேட்பார்கள் என்று வேறொருவர் சொன்னார். நான் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். ‘தகுதியின்மை காரணமாக நிராகரிக்கப்பட்டது.’ மற்றவர்கள் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு அந்த வாக்கியத்தை முடிக்க நேரம் பிடித்தது.

நிராகரிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. அவரை ரெக்கார்டு ரூமுக்குக் கூப்பிட்டு, நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். விதியைப் பற்றிச் சொன்னேன். எழுதியது நான் என்பதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு கேட்டார்.

“அப்ப நான் யாரு மேடம் இங்க?”

“பணம் நான் தரேம்மா. என் கைக்காசு. மொதல் வருஷத்துக்கு ஆகற மொத்தத்தையும் தரேன். பொண்ண சேத்துடு” என்றேன். ஒரு உறையில் போட்டு எடுத்தும் வந்திருந்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. கோபப்படவும் இல்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னார். “ஆபீஸ்ல குடுத்தா வாங்கிக்குவேன் மேடம். எங்கம்மா கவர்மெண்ட்ல வேல செய்யுது, அதுக்குக் குடுத்தாங்கன்னு எம் பொண்ணு சொல்லிக்கும். உங்க காச வாங்கினா இன்னான்னு சொல்லிக்கும்? ஆபீசு பெருக்கற பொம்பள கேட்டா, மேடம் பாவம் பாத்து குடுத்தாங்கன்னா?”

நான் கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யாராவது உதவுவார்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சர்ச்சில் கொடுத்தது ஷூவுக்கும் துணிக்கும் போதுமானதாக இருந்திருக்கும், ஹாஸ்டலுக்குப் போதவில்லை. கல்லூரியில் சேர வேண்டிய கடைசித் தேதி வந்தது, போனது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பெண் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பஸ்ஸில் ஏறிப் போக ஆரம்பித்தாள்.

ஆகஸ்டில் விழா நடத்தினோம். எங்கள் கூட்ட அறையில் பேனர் கட்டி, முதல் வருட மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கினோம். டிரைவரின் மகன், காவலாளியின் மகள், இன்னொரு கண்காணிப்பாளரின் மகள். நியாயமானவர்கள்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. காலையில் அந்த அறையைத் துடைத்து நாற்காலி போட்டவர் அவர். எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தவரும் அவர். நான் அவரை அன்று லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். ஏஜென்சியில் லீவுக்குச் சம்பளம் இல்லை, அதனால் வந்தேன் என்றார். மேடையில் என்னை நிற்கவைத்து, இந்த எண்ணம் முதலில் உதித்தது இவருக்குத்தான் என்று சொல்லிச் சால்வை போர்த்தினார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் டீ தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒரு கையால் தட்டைத் தட்டினார். அதைப் பார்த்த பிறகு நான் பேச வேண்டியதைப் பேச முடியவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

அடுத்த வருடப் பொதுக்குழுவில் நான் பேசினேன். ஒரு வருடம் தாமதமாக. மூன்றாவது விதியைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் செயலாளராக இருக்க மாட்டேன் என்றேன். எதிர்ப்பு வரும் என்று நினைத்து இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதி வைத்திருந்தேன். அவ்வளவாக எதிர்ப்பே வரவில்லை. ஓய்வு பெறப்போகும் தலைவரே, “அன்னைக்கு நான் பயந்துட்டேன். இவங்க சொல்றது சரி” என்று எழுந்து நின்று சொன்னார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக முடியும் விஷயமா என்று என்னால் உட்கார முடியவில்லை. முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே முடிந்திருக்குமோ என்ற எண்ணம் அன்று வந்தது. இன்றுவரை போகவில்லை.

திருத்த வாசகத்தையும் நான்தான் எழுதினேன். ‘அலுவலகத்தில் ஒப்பந்த முகமை மூலம் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரியும் பணியாளர்களின் பிள்ளைகளும்.’

அந்த ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு பிள்ளைப்பாக்கம் போனேன். சம்பளமில்லாத வார விடுமுறை நாளானதால் பெண் வீட்டில் இருந்தாள். உள்ளறையில் அவள் அப்பா படுத்திருந்தார். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை.

“விதி மாறிடுச்சும்மா. இந்த வருஷம் கண்டிப்பா கெடைக்கும். மறுபடி கலந்தாய்வுக்குப் போடு. வயசு இருக்கு” என்றேன்.

அவள் படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“நான் பூட்டா அப்பாவுக்கு மருந்து யாரு வாங்குவா மேடம்? அம்மா சம்பளம் அரிசிக்கே பத்தல.”

“அதுக்கும் ஏதாவது வழி…”

“போன வருஷம்னா போயிருப்பேன். அப்ப என் சம்பளம்னு ஒண்ணு கெடையாது, வூட்ல யாரும் அத நம்பிகினு இல்ல. இப்ப நம்பிட்டாங்க.” படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். “கனவுல கூட கம்பெனி லைன்தான் மேடம் வருது. போர்டு வந்துகினே கீது, நான் ஸ்க்ரூ போட்டுகினே கீறேன். படிச்சதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.”

அவள் அம்மா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னவள் அடுத்த அறையில் பத்தாம் வகுப்புப் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சிக்கு வெச்சிருங்க மேடம்” என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள் பெரியவள். “அவ பி.காம். படிக்கட்டும். இனிமே எங்களுக்குக் குடுப்பாங்க இல்ல?”

“கண்டிப்பா” என்றேன். பஸ்ஸில் வரும்போது, ஒருத்தி போனாலும் ஒருத்தியைக் கரையேற்றிவிடலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒப்பந்தம் கைமாறியது. புது ஏஜென்சிக்கு நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் வேண்டுமாம். அவருக்கு நாற்பத்தேழு. சூப்பர்வைசர் செல்போனில் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். அதைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் வந்தார். நான் படித்துக் காட்டினேன். அதிகாரியிடம் போனேன், மாவட்ட அலுவலகம் வரைக்கும் போனேன். அவர்கள் ஏஜென்சி ஆள், நாம் தலையிட முடியாது என்ற ஒரே பதில்தான் எல்லா இடத்திலும். கடைசி நாள் சாயங்காலம் சாவிக்கொத்தை என் மேசையில் வைத்து, எது எந்தப் பூட்டுக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். பின்பக்கத்துப் பூட்டு கொஞ்சம் இறுகும், எண்ணெய் விட வேண்டும் என்றார்.

சின்னவள் பிளஸ் டூ முடித்து விண்ணப்பித்தபோது, குழுவில் ஒரு இளம் உறுப்பினர் திருத்திய விதியைப் படித்தார். “பணிபுரியும்னுதான் போட்ருக்கு மேடம். இவங்க இப்ப பணிபுரியலயே.”

‘பணிபுரிந்த’ என்று ஒரு சொல்லைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒப்பந்தம் மாறும், ஆட்கள் மாறுவார்கள் என்பது முப்பது வருடம் அலுவலகத்தில் இருந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். அவர் அங்கேதான் எப்போதும் இருப்பார் என்று நானும் நினைத்துவிட்டேன். இந்த முறை சண்டை போட்டேன். ஓட்டெடுப்பு வரை போனது. மூன்றுக்கு இரண்டு என்று தோற்றேன். அடுத்த பொதுக்குழுவில் மீண்டும் திருத்தம் கொண்டுவரலாம் என்றார்கள். பொதுக்குழு அடுத்த வருடம்தான், அதற்குள் கல்லூரிகளில் சேரும் காலம் முடிந்துவிடும்.

போன மாதம் ஒரகடம் ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். சாம்பல் நிறச் சுடிதாரும் தொப்பியுமாக, ஒரு கம்பெனியின் ஹவுஸ்கீப்பிங் உடுப்பில், “மேடம்” என்று யாரோ கூப்பிட்டார்கள். எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமானது. இளைத்திருந்தார். என் முழங்கால் வலியைக் கேட்டார், மகனுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்டார்.

“சின்னவ என்ன பண்றா?” என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“அக்கா கூடத்தான் மேடம் போறா. ஒரே ஷிஃப்ட்டா கேட்டு வாங்கிக்கினாங்க. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போறாங்க, ஒரே பஸ்ல வர்றாங்க. அது ஒண்ணு நிம்மதி.”

நான் தலையாட்டினேன்.

“நம்ம ஃபண்டு நல்லா போவுதா மேடம்? நெறய புள்ளைங்க படிக்கிறாங்களா?”

“படிக்கிறாங்கம்மா.”

“அது போதும்” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவருடைய கம்பெனி வண்டி வந்து நின்றது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போனார். என் பஸ் வர இன்னும் இருபது நிமிடம் ஆனது. அதுவரை அந்த வெயிலில் நின்றேன். அன்றைக்கு அலுவலகத்தில் இந்த வருட விண்ணப்பங்களின் பரிசீலனை.